ஐம்பத்திரண்டு எக்ஸ்

2003 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடந்தால், ஒருமுறை இறக்கி அதன் முகத்தைப் பாருங்கள். சிடி போடும் தட்டின் ஓரத்தில் மூன்று எண்கள் அச்சடித்திருக்கும். 52எக்ஸ், 24எக்ஸ், 52எக்ஸ். முதலாவது, சிடியில் எழுதும் வேகம். நடுவில் இருப்பது, அழித்து அழித்து எழுதக்கூடிய சிடியில் எழுதும் வேகம். கடைசி, படிக்கும் வேகம். கிளவுடோடு வளர்ந்தவர்களுக்கு இது ஏதோ கல்வெட்டுக் குறிப்பு மாதிரி தெரியலாம். அன்றைக்கு ஒரு சிடி ரைட்டரின் ஜாதகமே இந்த மூன்று எண்கள்தான். சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைக்கும்போதே முதல் எண்ணை விரலால் தட்டிக் காட்டுவார். "சார், போன மாசம் வரைக்கும் 48தான். இது 52. சும்மா பிச்சிக்கும்."

பிச்சிக்கொண்டதா, இல்லையா? செத்துப்போன ஒரு சாதனத்தின் வேகத்தை இப்போது எதற்கு அளக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சாதனம்தான் செத்தது. அது எழுதியவை இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. கல்யாண வீடியோ, கல்லூரி புராஜெக்ட், கேசட்டிலிருந்து மாற்றி வைத்த தாத்தாவின் குரல், ஸ்கேன் செய்த கையெழுத்துப் பிரதி. எவ்வளவு வேகமாக எழுதினோம் என்பதற்கும் அவை இன்று திறக்கின்றனவா என்பதற்கும் தொடர்பு உண்டு. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்த எண் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

முதலில் இந்த எக்ஸ். சிடி பிறந்தது பாட்டுக்காக. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-ல் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர்பெற்ற தர விதிகளை வகுத்தன. 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயர் கடைக்கு வந்தது. நொடிக்கு 44,100 முறை ஒலியை மாதிரி எடுக்க வேண்டும், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 1,76,400 பைட் வரும். பிற்பாடு இதே தட்டில் கம்ப்யூட்டர் தரவைப் போட்டபோது, பிழைதிருத்தத்துக்கென்று கொஞ்சம் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அது போக மிஞ்சியது நொடிக்கு 150 கிலோபைட். அதுதான் ஒரு எக்ஸ். ஆக, மனுஷன் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற வேகம் எதுவோ அதுவே எக்ஸ். 52எக்ஸ் என்றால், 52 நிமிடப் பாட்டை ஒரே நிமிடத்தில் எழுதித் தருகிறேன் என்ற வாக்குறுதி.

கடையில் வாங்குகிற பாட்டு சிடி அச்சுவெல்லம் மாதிரி. உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி எடுத்தால் குழிகளோடு சேர்த்தே தட்டு வந்துவிடும். எழுதும் சிடியில் குழி கிடையாது. பாலிகார்பனேட் தட்டின்மேல் மெல்லிய சாயப்பூச்சு, அதன்மேல் வெள்ளியோ தங்கமோ ஒரு பிரதிபலிப்புப் படலம், அதற்கும் மேல் பாதுகாப்புப் பூச்சு, அவ்வளவுதான். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுச் சுட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே போகும். படிக்கும் கருவி அதைக் குழி என்று நம்பிவிடும். ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988-ல் இதைச் செய்து காட்டியது. எமிகோ ஹமாதா என்ற ஆய்வாளரின் பங்கு அதில் முக்கியமானது. 1990-ல் 'ஆரஞ்சுப் புத்தகம்' வந்து இதற்கும் விதிகள் எழுதியது.

இந்தச் சாயம்தான் கதையின் மையம். சுடுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. தட்டில் முன்கூட்டியே ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளம் நேராகப் போகாமல் மிக நுண்ணிய அளவில் நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவிலேயே தட்டைச் செய்தவர் யார், என்ன வகைச் சாயம், எவ்வளவு லேசர் சக்தி போதும் என்ற குறிப்புகள் ஒளிந்திருக்கும். டிரைவின் நினைவகத்தில் எந்தத் தட்டை எந்த வேகத்தில் எப்படிச் சுட வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டு, தட்டின் உள்விளிம்பில் அதற்கென்றே விட்டிருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சோதனை செய்யும். குழம்பை இறக்குவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்போமே, அது மாதிரி. அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பிக்கும். ஆகவே, ஒரு ரைட்டரைத் தனியாக மதிப்பிடவே முடியாது. எந்தத் தட்டோடு சேர்ந்து என்று கேட்டாக வேண்டும். பெட்டியில் போட்ட எண்ணோ டிரைவை மட்டும் பற்றியது.

ஆரம்பகால ரைட்டர்கள் கேட்கிற வேகத்திலேயே எழுதின. 74 நிமிடத் தட்டுக்கு 74 நிமிடம். பிலிப்ஸ் 1991-ல் 2எக்ஸ் கொண்டுவந்தது. 1995-ல் ஹெச்பி ஒரு ரைட்டரை ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்றபோது அது பெரிய செய்தி. அதுவும் 2எக்ஸ்தான். அந்த நாட்களில் சிடி எழுதுவது ஒரு விரதம். ஸ்கிரீன்சேவரை நிறுத்து, வைரஸ் தடுப்பை நிறுத்து, மௌஸைத் தொடாதே, பக்கத்தில் நடந்து போகாதே. காரணம் இருந்தது. சுட ஆரம்பித்த லேசர் நடுவில் நிற்கக்கூடாது. கம்ப்யூட்டர் தரவை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன பஃபர், தண்ணீர் லாரி வராத நாளைக்குச் சமாளிக்கிற வீட்டுத் தொட்டி மாதிரி. 4எக்ஸில் ஒரு 2 மெகாபைட் தொட்டி மூன்றரை நொடிக்குத் தாங்கும். அதே தொட்டி 16எக்ஸில் ஒரு நொடிகூடத் தாங்காது. தொட்டி காலியானால் தட்டு பாழ். பாழான தட்டை மேற்கத்தியர்கள் டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டைக்கு ஒப்பிட்டுக் கிண்டலடித்தார்கள். நம்மூரில் அவை வயலில் குருவி விரட்டத் தொங்கின, சைக்கிள் மட்கார்டில் மின்னின.

2000-ல் சான்யோ ஒரு வழி கண்டுபிடித்தது. தொட்டி வற்றப்போகிறது என்று தெரிந்ததும் லேசரை நிறுத்திவிடு, நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொள், தரவு வந்ததும் திரும்பி வந்து அதே இடத்தில் தைத்துக்கொள். தையல் விட்ட இடத்தின் இடைவெளி தலைமுடிப் பருமனுக்குள் அடங்கிவிடும். படிக்கும் கருவியின் பிழைதிருத்தம் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இதற்கு பர்ன்-ப்ரூஃப் என்று பெயர். ரிகோ, யமஹா எல்லாரும் ஆளுக்கொரு பெயரில் இதே வித்தையைக் கொண்டுவந்தார்கள். என் கணக்கில் சிடி ரைட்டர் வரலாற்றின் ஆகப்பெரிய முன்னேற்றம் இதுதான். ஆனால் இதற்கு எக்ஸ் கிடையாது, பெட்டியில் ஒரு சின்ன முத்திரைதான்.

தையல் கைவந்த பிறகு பயம் போய்விட்டது. பயம் போனதும் பந்தயம் ஆரம்பித்தது. 2000-ல் 12எக்ஸ். 2001-ல் 16-ம் 24-ம். 2002-ல் 32, 40, 48 என்று ஒரே வருஷத்தில் மூன்று படி. 2003 பிறக்கும்போது 52. நேற்று வாங்கிய டிரைவ் இன்றைக்குப் பழசு.

இந்த இடத்தில் பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 80 நிமிடத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1எக்ஸில் 80 நிமிடம். 2எக்ஸில் 40. நாற்பது நிமிடம் மிச்சம், ஒரு சினிமாவின் இடைவேளைக்கு முந்தைய பாதியில் பாதி. 4எக்ஸில் 20, 8எக்ஸில் 10, 16எக்ஸில் 5. ஒவ்வொரு தடவை வேகம் இரட்டிக்கும்போதும் மிச்சமாகும் நேரம் பாதியாகிக்கொண்டே வருகிறது. கடைசிப் படிக்கு வாருங்கள். 48எக்ஸ் காகிதத்தில் 100 நொடி. 52எக்ஸ் 92 நொடி. வித்தியாசம் 8 நொடி. கடைக்காரர் விரலால் தட்டிக் காட்டியது இந்த எட்டு நொடியைத்தான். டிரே வெளியே வந்து, தட்டை எடுத்து, அடுத்த தட்டை வைத்து, டிரே உள்ளே போவதற்குள் அது போய்விடும்.

அந்தக் காகிதக் கணக்கும் நிஜமில்லை என்பதுதான் அடுத்த விஷயம். சிடியில் தரவு உள்விளிம்பில் ஆரம்பித்து வெளிவிளிம்பை நோக்கிச் சுருளாகப் போகும். உள்ளே ஒரு சுற்று என்பது சின்ன வட்டம், வெளியே பெரிய வட்டம். கோயில் பிராகாரம் மாதிரி. உள்பிராகாரத்தைச் சுற்றுகிறவரும் வெளிப்பிராகாரத்தைச் சுற்றுகிறவரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்க வேண்டுமென்றால் வெளியே இருப்பவர் ஓட வேண்டும். பாட்டு சிடி பிளேயர் இதைச் சமாளிக்க மோட்டாரின் சுழற்சியை மாற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளியே 200. எங்கேயும் தரவு ஒரே வேகத்தில் ஓடும். இந்த முறையிலேயே 16எக்ஸ் எழுத, உள்விளிம்பில் 8,000 சுற்று வேண்டும். 24எக்ஸுக்கு 12,000. 52எக்ஸுக்கு 26,000. பிளாஸ்டிக் தட்டு அதற்குள் சுக்குநூறாகிவிடும்.

அதனால் 16எக்ஸைத் தாண்டியதும் பொறியாளர்கள் முறையை மாற்றினார்கள். 24எக்ஸ் டிரைவ்களில் பல, உள்ளே குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் நின்று, தையல் போட்டு, அடுத்த வேகத்துக்குத் தாவின. விபத்தைத் தடுக்க வந்த பர்ன்-ப்ரூஃப் இங்கே வேகத்தைக் கூட்டும் கருவியாக வேஷம் மாறியதைக் கவனியுங்கள். பிற்பாடு மோட்டாரை மாறாத சுழற்சியில் ஓட விட்டுவிட்டார்கள். 52எக்ஸ் டிரைவ் என்றால் தட்டு முழுக்க நிமிடத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் சுற்று. உள்விளிம்பில் அதன் எழுதும் வேகம் 22எக்ஸ்தான். வெளியே நகர நகரக் கூடி, தட்டின் கடைசி ஓரத்தில் 52-ஐத் தொடும். நடு வேகம் 37. அதாவது இரண்டு நிமிடம் பத்து நொடி. முன்னுரையும் முடிவுரையும் எழுதுவதற்கு ஆகும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டரை நிமிடத்துக்கு மேல். பெட்டியில் போட்ட எண் பொய் என்று சொல்ல முடியாது. அந்த வேகத்தில் அது எழுதியது உண்மை, தட்டு நிரம்பி முடிகிற அந்தக் கடைசிச் சில நொடிகளுக்கு மட்டும்.

அந்தக் காலத்து ரைட்டர் விமர்சனங்களை இன்று எடுத்துப் படித்தால் இதையெல்லாம் அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள் என்று தெரிகிறது. ஸ்டாப் வாட்சை வைத்து முழுத் தட்டுக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தார்கள். வேகம் எங்கே ஏறுகிறது, எங்கே தயங்குகிறது என்று கோடு போட்டார்கள். பின்னணியில் வேறு வேலைகளை ஓடவிட்டு எத்தனை முறை தையல் போடுகிறது என்று பார்த்தார்கள். சில டிரைவ்கள் தட்டு பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கு ஸ்டாப் வாட்சில் மதிப்பெண் குறையும். எனக்கென்னவோ அவைதான் புத்திசாலி டிரைவ்கள்.

ஸ்டாப் வாட்சை நிறுத்திய பிறகும் அவர்கள் தட்டை விடவில்லை. எழுதியதைப் படித்து, அதில் எத்தனை பிழை என்று எண்ணினார்கள். சிடியில் பிழை இருப்பது சகஜம். ஏட்டுச்சுவடியில் ஓரெழுத்தைச் செல் அரித்திருந்தால், எதுகையையும் சீரையும் வைத்து அந்த எழுத்து இன்னதுதான் என்று பதிப்பாசிரியர் மீட்டுவிடுவார் இல்லையா? சிடியில் அந்த வேலையைச் செய்வது, ரீட், சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1960-ல் வெளியிட்ட குறியீட்டு முறை. தரவோடு கூடவே எதுகை மாதிரி சில உபரி எழுத்துகளைக் கோத்து வைப்பது. முதல் அடுக்கில் சிக்கும் பிழை சி1. அது எல்லாத் தட்டிலும் இருக்கும். நொடிக்குச் சராசரி 220 வரை போகலாம் என்பது விதி. முதல் அடுக்கைத் தாண்டி இரண்டாம் அடுக்கு வரை போகிற பிழை சி2. புதிதாக எழுதிய தட்டில் சி2 தென்பட்டாலே நல்லதில்லை. இன்றைக்கு ஓடும். ஆனால் சுவடியில் அடுத்த எழுத்தும் அரிபட்டால் மீட்க எதுகை மிஞ்சியிருக்காது.

இந்தப் பிழைகளை எண்ணிக் காட்டும் வசதியைச் சில டிரைவ்களே தந்தன. 2003-ல் பிளெக்ஸ்டர் வெளியிட்ட பிரீமியம் என்ற 52எக்ஸ் ரைட்டரும் அதனோடு வந்த மென்பொருளும் இதில் பேர்போனவை. விமர்சனங்களில் அந்தப் பிழை வரைபடங்களைப் பார்த்தால் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வரும். உள்விளிம்பில் புல் மாதிரி தாழ்வாக இருக்கும் கோடு, வெளிவிளிம்பை நெருங்க நெருங்கக் கரும்புக்காடு மாதிரி எழும்பும். வேகம் உச்சத்துக்குப் போகும் அதே ஓரம், தட்டு அதிகம் தள்ளாடுகிற ஓரம், சாயப்பூச்சு சீராக இல்லாமல் போக வாய்ப்புள்ள ஓரம். மலிவான தட்டில் இது இன்னும் மோசம். 16-லோ 24-லோ எழுதினால் அதே தட்டில் கரும்புக்காடு காணாமல் போகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. 2004-ல் கல்லூரி முடிந்த சாயங்காலங்களில் மதுரையில் ஒரு சின்ன வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, எல்லாம் விசிடி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மூன்று தட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துப் பதினைந்து காப்பி. முதலாளியை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக ஒரு 52எக்ஸ் ரைட்டர் வாங்கி மாட்டியிருந்தார். "முகூர்த்த சீசன்டா தம்பி. 52-லயே போட்டுத் தள்ளு." என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பழைய 16எக்ஸில் ஐந்தரை நிமிடம் ஆனது, இதில் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு வாரம் கழித்து மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் கல்யாண சிடி. மஞ்சள் பையிலிருந்து மூன்றாவது தட்டை மட்டும் எடுத்து நீட்டினார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது தம்பி. பொண்ண அனுப்பி வெக்கிற எடத்துல கட்டம் கட்டமா வருது. அதுக்கப்புறம் நின்னு போயிருது." அண்ணன் ஸ்டூடியோ பிளேயரில் போட்டார். ஓடியது. "நம்மகிட்ட ஓடுதேம்மா." "ஒங்ககிட்ட ஓடும். எங்க வீட்டுல ஓடலையே." அந்த அம்மா சொன்னதைவிடக் கச்சிதமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது. எழுதிய கருவி தான் எழுதியதைத் தானே படித்துவிடும். ஓரத்தின் பிழைகளைச் சமாளிக்க முடியாதது அந்த வீட்டின் மலிவு விசிடி பிளேயர். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கம்ப்யூட்டர் தரவுக்கு இருக்கிற கூடுதல் பிழைதிருத்த அடுக்கு விசிடியின் படத்துக்குக் கிடையாது. அந்த இடத்தையும் படத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் 74 நிமிடப் படம் ஒரு தட்டில் அடங்குகிறது. தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் முதலில் போவது எப்போதும் கதையின் கடைசி. கல்யாணத்தில் கடைசி என்றால் பெண்ணை அனுப்பி வைப்பது.

அண்ணன் விவாதிக்கவில்லை. அதே கட்டிலிருந்து ஒரு தட்டை எடுத்து 16-ல் எழுதி, "வீட்டுல போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா" என்று கொடுத்தனுப்பினார். மறுநாள் பக்கத்துக் கடைக்கு போன் வந்தது, ஓடுகிறதாம். அன்று சாயங்காலமே ரைட்டரின் முகத்தில் இருந்த 52-ன் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 16 என்று எழுதினார்.

உடனே, மெதுவாக எழுதினால் நல்லது என்று சூத்திரமாக்கிவிடக் கூடாது. பாட்டுப் பிரியர்கள் சிலர் 1எக்ஸ், 2எக்ஸில் எழுதினால்தான் சுத்தமாக இருக்கும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் வந்த தட்டுகளின் சாயம் உயர்வேகத்துக்கென்றே மெல்லியதாக, கூர்மையாக வினைபுரியும்படி செய்யப்பட்டது. அதை மிக மெதுவாகச் சுட்டால் தோசை தீய்வது மாதிரி புள்ளி பரந்துவிடும். பெரும்பாலான தட்டுகளுக்கு நடுவாந்திரமான ஒரு வேகம்தான் பக்குவமாக அமைந்தது. யமஹா மட்டும் 2002-ல் வேறு மாதிரி யோசித்தது. அவர்களின் 44எக்ஸ் ரைட்டரில் பாட்டுத் தட்டுக்கென்று ஒரு தனி முறை இருந்தது. புள்ளிகளைக் கொஞ்சம் நீளமாக வைக்கும், அதனால் தட்டில் அடங்கும் நிமிடங்கள் குறையும், படிப்பது சுலபமாகும். எழுதாமல் மிஞ்சிய இடத்தில் லேசரால் படம் வரையவும் செய்யும். வேகத்தைத் தவிர வேறொன்றை விற்றுப் பார்த்த அந்த நிறுவனம் 2003-ல் இந்தத் தொழிலிலிருந்தே விலகிக்கொண்டது.

தட்டுகளின் கதை இன்னொரு பக்கம். டிரைவ் வேகமாக ஆக, தட்டு மலிவாகிக்கொண்டே வந்தது. தைவானும் இந்தியாவும் குவித்தன. நொய்டாவின் மோசர் பேர் 1983-ல் வேலைக்கு வந்துபோகும் நேரத்தைப் பதிக்கும் கடிகாரங்கள் செய்ய ஆரம்பித்த கம்பெனி. இருபது வருடத்தில் உலகின் பெரிய சிடி தயாரிப்பாளர்களில் ஒன்றாகிவிட்டது. பிற்பாடு 28 ரூபாய்க்குப் பட விசிடி விற்றது இவர்கள்தான். 2018-ல் கம்பெனியைக் கலைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் இந்த மலிவுத் தட்டுக்கும் வேக ரைட்டருக்கும் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 'திருட்டு விசிடி' என்ற சொல்லே அப்படித்தான் நம் பேச்சில் நிலைத்தது. 2004-ல் அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தது. ஒரே நேரத்தில் ஏழெட்டு ரைட்டர்களை அடுக்கி வைத்து எழுதுகிறவனுக்குத்தான் எட்டு நொடி காசு. அவனுக்கும் பாதி நேரம் தட்டு மாற்றுவதிலேயே போகும்.

பந்தயம் ஏன் 52-ல் நின்றது? தட்டு மறுத்தது. 12 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் கனம், பதினைந்து பதினாறு கிராம் எடை. பத்தாயிரம் சுற்றில் அதன் ஓரம் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓரத்தில் ஒரு கிராம் பிளாஸ்டிக்கை வெளியே இழுக்கும் விசை, அதன் எடையைப் போல் ஏறக்குறைய ஏழாயிரம் மடங்கு. ஒரு கிராம் ஏழு கிலோவாகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் அதிகமாக இருப்பது நடு ஓட்டையைச் சுற்றி. பெட்டியிலிருந்து தட்டைக் கோணலாக வளைத்துப் பிடுங்குவோமே, அப்போது மயிரிழை விரிசல் விழுவதும் அதே இடத்தில்தான். விரிசல் விட்ட தட்டுகள் டிரைவுக்குள்ளேயே வெடித்த சம்பவங்கள் அந்தக் காலத்தில் உண்டு. உள்ளே படபடவென்று ஒரு சத்தம், அப்புறம் கண்ணாடித்தூள் மாதிரி கொட்டும். ஒளியியலோ மின்னணுவோ தோற்கவில்லை. பாலிகார்பனேட் இதற்கு மேல் வேண்டாம் என்றது. டிவிடி வந்து, அதிலும் எண் ஒன்றிலிருந்து ஆரம்பித்து 16எக்ஸைத் தொட்டபோது, தட்டின் சுழற்சி கிட்டத்தட்ட இதே அளவுக்கு வந்து நின்றது. பெயர்தான் வேறு, பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்.

2004-ல், பந்தயம் ஓய்ந்திருந்த நேரம், அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் எழுதும் சிடிகளை வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வெளிச்சத்திலும் வாட்டிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. தட்டுக்குத் தட்டு பெரிய வேறுபாடு. தாலோசயனின் என்ற சாயமும் தங்கம்-வெள்ளிக் கலவைப் பூச்சும் சேர்ந்தவை நன்றாகத் தாக்குப்பிடித்தன. வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஐம்பது தட்டு அடுக்கிய டப்பாவின்மேல் கொட்டை எழுத்தில் இருந்தது என்ன சாயம் என்பதா? 52எக்ஸ். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் 1990-களில் தன் சேகரிப்பைப் பாதுகாக்க மைக்ரோஃபிலிமைத் தேர்ந்தெடுத்தது. கம்ப்யூட்டர் யுகத்தில் இதென்ன பழைய பஞ்சாங்கம் என்று அன்றைக்கு யாருக்காவது தோன்றியிருக்கலாம். ஃபிலிமைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும்.

உங்கள் வீட்டில் அப்படித் தட்டுகள் இருந்தால் இரண்டு விஷயம். படிக்கும் வேகத்தைக் குறைத்து வைத்துப் படியுங்கள். அதற்கென்று சின்னச் சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. 4எக்ஸில் ஒரு தட்டுக்கு இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும். ஒரு டிரைவில் திறக்காத தட்டு இன்னொன்றில் திறக்கலாம், அதனால் ஒரே டிரைவை நம்பித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் தட்டின் கடைசிப் பகுதியை ஓட்டிப் பாருங்கள். அது நகர்ந்தால் மற்றதும் பெரும்பாலும் வந்துவிடும். பிழை எண்ணத் தெரிந்த அந்தப் பழைய பிளெக்ஸ்டர்களை ஆட்கள் இன்னும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள், எழுதுவதற்கு இல்லை, பழைய தட்டுகளைச் சோதிப்பதற்கு. இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய யுஎஸ்பி டிரைவ்களில் பெரும்பாலானவை சிடியை எழுதுவது அதிகபட்சம் 24எக்ஸில். அந்த எண் பெட்டியின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கிறது.